அனஸ்தாசி சித்தியின் கழுத்துவலி

சித்தப்பா உரல் உயரத்துக்கு வந்துவிட்டார் என்று தூத்துக்குடியிலிருந்து அனஸ்தாசி சித்தி ஃபோனில் சொன்னபோது நான் அடுப்பில் பாலை வைத்திருந்தேன், பால் பொங்கி வழிந்தது, ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஏதோ தீயுற வாசனை வருதே என்று எனக்குத் தகவல் கொடுத்தார். போன மாதம் ஜன்னல் விளிம்பு உயரம் இருந்தவர், அதற்கு முந்தின மாதம் அலமாரியின் மூன்றாம் தட்டு. டாக்டர் பார்த்துவிட்டு, வயதானால் எல்லாரும் கொஞ்சம் குறுகத்தான் செய்வார்கள் என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். மாத்திரையில் தீருகிற சங்கதியா இது. அவரைப் பற்றிப் பொய் சொல்ல ஊரில் ஆள் இல்லை, அவ்வளவுதான். சொன்னவர்களெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பவர்கள் டி.வி. பார்க்கிறார்கள்.

"நீ எழுது ஏட்டி ஜெசிந்தா," என்றாள் சித்தி. "நம்ம குடும்பத்துலயே பெரிய பொய்க்காரி நீதான். எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டு. பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேக்கேன்."

மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை. அவளிடம் நான் ஒரு பொய்க்குக் கடன் பட்டிருக்கிறேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் ஜெரால்டின் என்று ஓர் அமெரிக்கக் கன்னியாஸ்திரி இருந்தார்கள். வியாழக்கிழமை கடைசி பீரியடில் பாடப் புத்தகத்தை மூடிவிட்டுத் தங்கள் ஊர் வீரர்களைப் பற்றிச் சொல்வார்கள்: ஆற்றைப் பாய் மாதிரிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தவன், சூறாவளிக்கு மூக்கணாங்கயிறு போட்டவன், தெரியாமல் ஒரு மலையை இடறிவிட்டுத் திரும்பிவந்து அதனிடம் மன்னிப்புக் கேட்டவன். இந்த மாதிரிக் கதைக்கு டால் டேல் என்று பேர் என்றார்கள். எங்களுக்குப் புரியாததைத் தமிழில் சொல்வதற்கென்றே பக்கத்தில் நின்ற புஷ்பம் டீச்சர் ஒரு விநாடி யோசித்துவிட்டு, உயரக் கதை என்றார். ஒருவரைப் பற்றிப் பொய் சொன்னால் அவர் உயரமாகிவிடுவார், அதனால் அது உயரக் கதை என்று நாற்பத்திரண்டு பெண்களும் நோட்டில் எழுதிக்கொண்டோம், யாரும் திருத்தவில்லை. புஷ்பம் டீச்சர் நாலடி ஒன்பது அங்குலம். பாவமே என்று அவரைப் பற்றி ஒரு வாரம் மூச்சு முட்டப் பொய் சொல்லிப் பார்த்தோம், ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. அமெரிக்காக்காரர்களுக்கு மட்டும்தான் பலிக்கும் போல என்று விட்டுவிட்டோம்.

அது புதுத் துறைமுகம் வராத காலம். கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் ஐந்து மைல் தள்ளி நிற்கும், சரக்கைத் தோணிகள் போய் ஏற்றிக்கொண்டு வரும். எங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து வரும் மஞ்சள் சோளமாவும் அப்படித்தான் வரும், மூட்டையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் போட்டிருக்கும். அந்த வருஷம் ஆடிக் காற்றில் தோணி ஒன்றும் கிளம்பவில்லை. மாவுக் கப்பல் ஒன்பது நாள் கடலில் ஆடிக்கொண்டே நின்றது. பத்தாம் நாள் காலையில், காத்திருந்து அலுத்துப்போன ஓர் ஆள் கப்பலிலிருந்து கடலில் இறங்கி, தலையில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் நடந்தே கரைக்கு வந்துவிட்டார். பேர் எஸ்ரா பிக்கெட். ஏறும்போது அவருக்குக் கப்பலில் மாவு அடுக்கும் அறை மட்டும்தான் கொண்டதாம், வழியெல்லாம் மாலுமிகள் அவரைப் பற்றிப் பேசிப் பேசியே வந்ததில் இறங்கும்போது முப்பது அடி. கரையில் நின்று பார்த்த நூறு பேர் ஊருக்குள் போய் ஆளுக்கொன்று சொன்னதில் விளக்கு வைப்பதற்குள் அறுபது ஆனார்.

எங்கள் ஊர் இதையெல்லாம் பார்த்து வாயைப் பிளந்து நிற்கிற ஊர் இல்லை. முதல் நாள் கூட்டம் கூடியது, இரண்டாம் நாள் நிழல் விழுகிற இடத்தைப் பார்த்தார்கள். தூத்துக்குடி வெயிலில் அறுபது அடி நிழல் என்றால் சும்மாவா. ரேஷன் கடைக்காரர் வரிசையை அவருடைய இடது கால் நிழலுக்கு மாற்றினார், வலது கால் நிழலில் கிழிந்த வலையைப் பொத்துகிறவர்கள் உட்கார்ந்தார்கள், கருவாடு காயப்போடும் பெண்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லும் அண்ணே என்று அவருடைய கட்டைவிரலைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அரசாங்கத்திலிருந்து படம் பிடிக்க வந்தவன் அவருடைய இடுப்புப் பொத்தானைப் படம் பிடித்துக்கொண்டு போனான், அதை ஒட்டித்தான் இங்கே தங்குவதற்கான காகிதமே கொடுத்தார்கள். எங்கள் ஊர் மாதாவுக்குப் பனிமய மாதா என்று பேர், ஆனால் பனியைப் பார்த்தவர் ஊரில் ஒருவர் இல்லை. பார்த்திருந்தவர் இவர் ஒருவர்தான். பனி எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு உப்பளத்தைக் காட்டினார். உச்சிவெயிலில் வெள்ளை வெளேர் என்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களின் நடுவே போய்ப் படுத்துக்கொண்டு, அவருடைய ஊர் டிசம்பரை நினைத்து அழுதார். அந்தக் கண்ணீரில் அன்றைக்கு எத்தனை பாத்தி உப்பு கூடுதலாக விளைந்தது என்று உப்பளத்தார் பேசிக்கொண்டதில் இன்னும் நாலடி வளர்ந்தார்.

பொய்யால்தான் வளர்கிறார் என்பது முதலில் எங்கள் வகுப்புக்குத்தான் பிடிபட்டது, பிறகு ஊருக்கே தெரிந்தது. தெரிந்த பிறகு யாருக்கு வாய் நிற்கும். அவருடைய ஊரில் காற்று பலமாக அடித்தால் ஆட்களின் நிழல் பிய்ந்துபோய் வேலியில் தொங்கும், இவர்தான் பொறுக்கிக்கொண்டுபோய் வீடு வீடாக உரியவர்களிடம் கொடுத்துவிட்டு வருவார் என்றார்கள். குளிர்காலம் நீண்டு காலண்டர் தீர்ந்துபோன வருஷத்தில் பக்கத்து நாட்டிலிருந்து ஒரு மாதம் கைமாற்று வாங்கிவந்தார் என்றார்கள். கோடாலியை ஓங்கினால் போதும், அடுத்த ஜில்லா மரங்கள் தாமாகவே படுத்துக்கொள்ளும் என்றார்கள். ஆவணி முடியும்போது எண்பது அடி.

இனி சித்தி. அனஸ்தாசி சித்தி என் அம்மாவின் தங்கை, தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தவள், கான்வென்ட்டுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவள். வயது முப்பத்தி நாலு, உயரம் ஐந்தடி பதினொன்று. அந்தக் கடைசி எண்ணால்தான் எல்லாம் கெட்டது. பெண் பார்க்க ஆள் வரும்போதெல்லாம் அம்மா அவளுடைய தோளை அமுக்கி, சேலைக்குள்ளே முழங்காலை மடக்கிக்கொண்டு நில்லு, யாருக்குத் தெரியப்போகிறது என்பாள். சித்தி காப்பித் தட்டோடு வந்து ஐந்தடி பதினொன்றும் தெரிய நிமிர்ந்து நிற்பாள். எட்டுப் பேர் பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போனார்கள். ஒன்பதாவதாக மணப்பாட்டுக்காரர் ஒருவர், கல்யாண போட்டோவில் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று பெண் எழுதிக் கொடுத்தால் சம்மதம் என்று சொல்லியனுப்பினார். அதற்குச் சித்தி சொல்லியனுப்பிய பதிலை, கான்வென்ட்டில் படித்தவள் ஆகையால், நான் எழுத முடியாது.

மாவு மூட்டைச் சாக்குகளைப் பிரித்து எஸ்ராவுக்குச் சட்டை தைக்கும் வேலையைக் கன்னியாஸ்திரிகள் சித்தியிடம் கொடுத்தார்கள். முதல் நாள் தையல் நாடாவையும் தோணிக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அவள் கோயில் மணிக்கூண்டில் ஏறினாள், நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். மேலே பேசியதை அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் துறைமுகத் தமிழில் சொன்னாராம்: "இந்த ஊர்ல எல்லாரும் என் முட்டிகிட்டதான் பேசுதாக. நீங்க ஒருத்திதான் மூஞ்சியப் பாத்துப் பேசுதிய."

"எனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்," என்றாளாம் சித்தி. "என்னைப் பாக்க வந்தவங்க எல்லாம் என் தாடைகிட்டதான் பேசுனாங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கழுத்து வலிக்கிறது என்றாள். அம்மா தைலம் தேய்த்தாள். தைக்கிறவளுக்குக் கழுத்துவலி புதிதா, குனிந்து குனிந்து வருவதுதான் என்றாள் அம்மா. இது குனிந்ததால் வந்த வலி இல்லை என்று சித்தி சொன்னாள், சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். முப்பத்தி நாலு வயதில் முதல் முறையாக அவள் ஓர் ஆணை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை அளவெடுக்க வேண்டி வந்தது. ஊர் பொய் சொல்லும், சட்டை பற்றாமல் போகும், சித்தி மணிக்கூண்டில் ஏறுவாள், இன்னும் பத்துச் சாக்கு சேர்த்துத் தைப்பாள், அதற்குள் ஊர் இன்னொன்று சொல்லும். அம்மாவுக்கு இதெல்லாம் புரிய ஒரு மாதம் ஆயிற்று. புரிந்ததும் அவள் போய் அவருடைய கால்மாட்டில் நின்று, இருவரையும் ஊர் பேசுவதற்கு முன்னால் ஒரு முடிவைச் சொல்லும் என்று கத்தினாள். எண்பது அடி உயரத்திலிருந்து சரி என்ற சத்தம் வந்து கடைத்தெருவில் கூரைகள் ஆடின.

பங்குச் சாமியார் லெயோ ஒரே விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். கல்யாணப் பூசை கோயிலுக்குள்ளேதான், பீடத்துக்கு முன்னால்தான், முற்றத்தில் வைத்து மந்திரிக்க இது என்ன புது லாரியா என்றார். கோயில் வாசலைச் சித்தி நாடா பிடித்து அளந்தாள், பதினோரு அடி. மாப்பிள்ளை மண்டியிட்டு நுழைந்தால் என்ன என்று தண்டல் கித்தேரியான், தோணி ஓட்டுகிறவர்களில் மூத்தவர், யோசனை சொன்னார். சித்தி ஒப்பவில்லை. எனக்காக நான் மடக்காத முட்டியை அவரை மடக்கச் சொல்ல மாட்டேன், நடந்துதான் வரணும் என்றுவிட்டாள்.

அப்போது சாமியார்தான் சொன்னார், வழக்கப்படி மூன்று ஞாயிறு ஓலை வாசிப்போம் என்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இவர்களைப் பற்றி உண்மை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும், மறைத்தால் பாவம் என்று பீடத்திலிருந்து வாசிப்பதுதான் ஓலை. பொய்யால் ஏறியவர் மெய்யால் இறங்கித்தானே ஆக வேண்டும்.

முதல் ஓலையில் கித்தேரியான் எழுந்தார். எஸ்ரா தலையில் ஆயிரம் மூட்டை சுமந்துவந்ததாக ஊரெல்லாம் சொன்னவரே அவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆயிரம் இல்லை சாமி, நாலு மூட்டை, அதிலும் ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது, கரைக்குக் கிட்டே வந்து கால் வழுக்கினவரை என் தோணிக் கயிற்றைப் போட்டுத்தான் இழுத்தேன் என்றார். வெளியே நின்றவருக்கு நாற்பது அடி ஒரே மூச்சில் போயிற்று. இரண்டாம் ஓலைக்குப் பெண்கள் எழுந்தார்கள். பல்லியைக் கண்டால் பயப்படுவார். மீன் முள் எடுக்கத் தெரியாது. சீட்டு விளையாட்டில் கள்ள ஆட்டம் ஆடுவார், தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம், இரண்டு முழம் என்று இறங்கினார். வெள்ளிக்கிழமை சித்தி அளந்தபோது பதினோரு அடிக்கு இரண்டு விரல் குறைவு. தொப்பியைக் கழற்றினால் நுழைந்துவிடலாம். மூன்றாம் ஓலை வாசித்த கையோடு கல்யாணப் பூசையும் வைத்துவிடுவோம், இந்த மனிதர் திங்கட்கிழமை எந்த அளவில் இருப்பாரோ என்றார் சாமியார். நிழல் போன கோபத்தில் ரேஷன் கடை வரிசை முணுமுணுத்தது, அவ்வளவுதான், சித்திக்காக ஊரே நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தது.

கடிக்காதவள் நான் ஒருத்தி. சனிக்கிழமை காலை தையல் வகுப்பில் பிரிஸ்கா என்கிறவள், இன்றைக்கும் அவளை எனக்குப் பிடிக்காது, உங்க சித்திக்கு வரப்போகிறவர் குறுகிக்கொண்டே வருகிறாராமே, கடைசியில் தீப்பெட்டியில் போட்டுத்தான் தூக்கிக்கொண்டு போவாளாமே என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மூன்று மாதமும் எண்பது அடி மனிதரின் சட்டைக் கயிற்றைப் பிடித்த கையோடு பள்ளிக்கூடத்தில் நடந்தவள் நான், எனக்குப் பொறுக்குமா. நேற்று சாயங்காலம் சூரியன் உப்பு அம்பாரத்தில் சிக்கிக்கொண்டு மறைய முடியாமல் தவித்தது, எங்கள் சித்தப்பாதான் போய்க் கட்டைவிரலால் மெள்ள அழுத்திக் கீழே இறக்கிவிட்டார், வேண்டுமானால் விரலில் சூட்டுக்காயம் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றேன். காயம் நிஜமாகவே இருந்தது, கான்வென்ட் முற்றத்து அண்டாவில் ஒத்தாசைக்கு உப்புமா கிண்டும்போது பட்டது. அதைப் பார்த்துவிட்டு நாற்பது பேரும் நாற்பது வீட்டில் சொன்னார்கள்.

சாயங்காலம் கடைசியாக ஒரு முறை அளக்கப் போன சித்தி திரும்பி வந்து நாடாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதிமூன்றரை. அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். சித்தி என்னைப் பார்த்து, யாரு ஏட்டி சொன்னது என்று மட்டும் கேட்டாள். நான் தெரியாது என்றேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். கல்யாணச் சேலைக்கு ஓரம் அடிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டு, உண்மை தெரிந்தவர் யாராவது உண்டா என்று சாமியார் கேட்டபோது கோயில் பேசாமல் இருந்தது. தெரிந்ததையெல்லாம் ஏற்கெனவே கொட்டிவிட்டார்கள், இனிச் சொல்ல எவரிடமும் ஒன்றும் இல்லை. வாசலுக்கு வெளியே இரண்டு கால்களும் ஒரு மாலையும் தெரிந்தன, தலை நிலைக்கு மேலே இருந்தது. என்னிடம் மட்டும் ஒன்று இருந்தது, சூரியன் கதை பொய் என்பது. நான் எழுந்திருக்கவில்லை.

சித்தி எழுந்தாள்.

மணிக்கூண்டில் வைத்து அவர் அவளிடம் மட்டும் சொன்னது ஒன்று உண்டு. இதை வெளியில் சொன்னால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது, ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம் என்று சொல்லித்தான் சொல்லியிருந்தார். அவள் வாசலைப் பார்த்தாள். வெளியே நின்ற கால்கள் சற்றுப் பின்வாங்கின, அவர் அங்கேயே குனிந்து நிலைக்குக் கீழே முகத்தைக் காட்டி, அவளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அது சம்மதம்.

"இவர் மரமே வெட்டினதில்ல, சாமி," என்றாள் சித்தி. "மரம் வெட்டுறவங்களுக்குச் சமைச்சுப் போட்டவரு. சோறு சரியில்லன்னு அவங்க தட்ட வீசுனா, கத சொல்லிச் சிரிக்க வைப்பாராம். அப்படிச் சொன்ன கததான் இவ்வளவும்."

காற்று இறங்கிய தோணிப் பாய் மாதிரி சாக்குச் சட்டை வாசலில் மடிந்து மடிந்து விழுந்து ஒரு குவியலாகக் கிடந்தது. அதில் அசைவே இல்லை. சித்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாக்குக்குள் எங்கேயோ ஒரு தும்மல். மாவு வாசனை அவருக்கு எப்போதுமே ஆகாது. குவியல் இப்படியும் அப்படியும் புரண்டது, கழுத்தைத் தேடி வழி தெரியாமல் இடது கை வழியாக ஒரு வழுக்கைத் தலை வெளியே வந்தது. ஐந்தடி ஐந்து அங்குலம். கட்டைவிரலில் கட்டு. சட்டையை வேட்டி மாதிரிச் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேல் ஐந்து அடிக்கு மேல் இடம் மிச்சமிருக்க, பதினோரு அடி வாசலில் நடந்து உள்ளே வந்தார்.

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாருமே. சாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மகளே, இவர் உன் காதுக்குக்கூட வரமாட்டார் போலிருக்கிறதே, யோசிக்க நேரம் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றாள். தாலி கட்டும்போது, சாக்கு நழுவாமல் முழங்கைகளை இடுப்போடு இடுக்கிக்கொண்டிருந்தவருடைய கை பின்கழுத்துக்கு எட்டவில்லை. இரண்டு தடவை எம்பினார். அப்போது சித்தி, நேராக நின்றபடியே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், சேலைக்குள்ளே முழங்காலை மடக்கினாள்.

"எட்டுப் பேருக்கு மடக்காத முட்டி," என்று என் பின்னால் அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஊர் வெயிலில் நின்று அவர்களைத் திட்டியது, பிறகு மறந்தது. சித்தப்பா கான்வென்ட் அடுக்களையில் சேர்ந்தார், மஞ்சள் சோளமாவு உப்புமாவை வாயில் வைக்க முடிந்ததே அவர் வந்த பிறகுதான். ஊர் வாய் ஒரேயடியாக ஓயவும் இல்லை. மாதா திருவிழாவுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று யாராவது எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், அதில் அவர் ஒரு விரற்கடை ஏறுவார், சீட்டில் கள்ள ஆட்டம் ஆடி மாட்டிக்கொண்டு ஒரு விரற்கடை இறங்குவார், முப்பது வருஷத்துக்கு மேல் சித்தியின் தோளுக்கும் காதுக்கும் நடுவிலேயே வாழ்ந்தார். ஏற்றிவிட்டவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகுதான் இறக்கம் மட்டும் மிஞ்சியது. சித்தி குனிந்து பேசுவாள். கழுத்துவலி என்று அவள் மறுபடி சொல்லி நான் கேட்டதில்லை.

இதுவரை எழுதியதைப் போன வாரம் ஃபோனில் வாசித்துக் காட்டினேன். சூரியன் பொய் யாருடையது என்று நான் வாசித்த இடத்தில் சித்தி, அது எனக்கு அன்னைக்கே தெரியும் ஏட்டி, உன் காது மடல் செவந்து கெடந்துச்சு என்றாள். பால் அந்த முதல் ஃபோன் வந்த நாள் மாதிரியே பொங்கி வழிந்தது, இந்தத் தடவை நான் அடுப்பை அணைக்கப் போகவில்லை. இன்னொன்றும் சொன்னாள். நான் எழுதியதில் உண்மை ஜாஸ்தியாம், சமையல்காரர் என்று வாசித்த இடத்தில் அவர் இன்னும் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டாராம், இப்போது தலையணைமேல் நிறுத்தி வைத்திருக்கிறாளாம்.

எனவே கேள் சித்தி, சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள், இது ஊருக்கே தெரிந்தது, எழுதத்தான் ஆள் இல்லாமல் இருந்தது: ஆடிக் காற்று ஒரு வருஷம் அடங்காமல் அடித்தபோது அதைக் கூப்பிட்டு வைத்துச் சோறு போட்டுத் தூங்கப் பண்ணியவர் எஸ்ரா பிக்கெட், அது இன்னும் உங்கள் வீட்டுப் பரணில்தான் தூங்குகிறது, அதனால்தான் உங்கள் வீட்டில் வியர்ப்பதில்லை, ஐந்து மைலுக்கு அப்பால் நின்ற கப்பல்களைக் கரைக்குக் கொண்டுவரக் கடலின் ஓரத்தைப் பாய் உதறுவது மாதிரி ஒரே ஒரு தடவை உதறிவிட்டவர் அவர், பனிமய மாதாவுக்குப் பனி இல்லாத குறை தெரியக் கூடாது என்று தன் ஊரிலிருந்து ஒரு டிசம்பர் மாதத்தை முழுசாகச் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்தவர், அது கரைந்து வழிந்துதான் தூத்துக்குடியில் இத்தனை உப்பு, அண்டாவில் அவர் துடுப்பைப் போட்டுக் கிளறினால் கொழும்பில் இருக்கிறவர்களுக்குப் பசி எடுக்கும், சூரியனை அவர் கட்டைவிரலால் இறக்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான், பதிமூன்று வயதில் பார்த்தேன், இன்றைக்கும் சாயங்காலமானால் அது அவருடைய கைக்குக் காத்துக்கொண்டுதான் மேற்கே நிற்கிறது.

இதை இன்று காலை வாசித்தேன். பாதியில் அந்தப் பக்கம் தலையணை விழுந்த சத்தம் கேட்டது, பிறகு நாற்காலி நகர்ந்தது, பிறகு எதுவோ உயரத்தில் இடித்தது, சித்தி யாரிடமோ ஃபேனை நிறுத்தச் சொன்னாள். நான் நிறுத்தாமல் வாசித்து முடித்தேன்.

"போதும் ஏட்டி," என்றாள். "கழுத்து வலிக்குது."